வேனைப் பிடித்து நிறுத்திய வாய்

அம்பாசமுத்திரத்தில் பழுதான மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். மற்றவர்கள் கடையைக் காலையிலேயே திறந்துவிடுவார்கள். மந்திரமூர்த்தியின் கடை மட்டும் பதினொரு மணிக்குத்தான் திறக்கும். ஏன் இவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால், நேற்று ஒரு மோட்டார் ஓடவே மாட்டேன் என்று அடம்பிடித்தது, அதற்குப் புத்தி சொல்லி வழிக்குக் கொண்டுவருவதற்குள் விடிந்துவிட்டது என்பான். அந்த மோட்டார் எங்கே என்றால், சொன்ன புத்தி அதிகமாகிவிட்டதால் ஓடிப்போய்விட்டது என்பான். கேட்டவர் சிரித்துவிட்டால் போதும், கேள்வி மறந்துவிடும். தொழில், கடன், கல்யாணம் எல்லாவற்றையும் அவன் இந்த வாயை வைத்தே ஒப்பேற்றி வந்தவன்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்று காலையில், அவன் மனைவி செண்பகவல்லி அவனுடைய காதுப் பக்கம் வந்து ஒரே கத்தாகக் கத்தினாள்.

“வேன் வந்துட்டு! ஓடுங்க!”

அவ்வளவுதான். மந்திரமூர்த்தி கண்ணைத் திறப்பதற்கு முன்பே காலைத் தரையில் வைத்துவிட்டான். கையில் அகப்பட்டதை இடுப்பில் சுற்றிக்கொண்டான். வாசலில் எதுவோ காலில் இடறியது. அதைத் தாண்டிக் குதித்தான். தெருவில் இறங்கி ஓட்டம் பிடித்தான். திரும்பிப் பார்க்கவே இல்லை.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. போன வருஷம் முழுக்கப் பழகின ஓட்டம் அது. ஆறாம் வகுப்புக்குப் போகும் மகள் மிருதுளாவும் மூன்றாம் வகுப்புக்குப் போகும் மகன் தருணும் போன வருஷம் ஒரு நாளாவது நேரத்துக்குக் கிளம்பியதில்லை. ஒன்று சாக்ஸைக் காணோம் என்று அழும். இன்னொன்று தோசையை வாயில் வைத்துக்கொண்டே தூங்கும். அவர்கள் கிளம்புகிற வரைக்கும் தெரு முக்குக்கு ஓடிப்போய், எதையாவது பேசி வேனை நிறுத்திவைப்பதுதான் மந்திரமூர்த்தியின் வேலை. அந்த வீட்டில் அவன் ஒழுங்காகச் செய்த வேலையும் அது ஒன்றுதான்.

வேன் டிரைவர் உச்சிமாகாளி பொறுமைசாலி. ஆனாலும் எத்தனை நாள் பொறுப்பார்? வருஷக் கடைசியில் எல்லாப் பெற்றோருக்கும் முன்னால் கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் மந்திரமூர்த்தி வீட்டால் வண்டி ஒரு நாள் தாமதமானாலும், அந்த ரெண்டு சீட்டையும் வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாராம். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேறு வேனும் கிடையாது.

செண்பகவல்லி அதற்கு மேல் ஒன்று சொன்னாள். “சீட்டு போச்சுன்னா போவட்டும். நீங்கதான் தெனமும் காலையில மொபட்டுல கொண்டுபோய் விடணும். நான் எழுப்ப மாட்டேன்.”

அதைத்தான் மந்திரமூர்த்தியால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் ரெண்டு நாள் என்றால் கண்ணை மூடிக்கொண்டாவது எழுந்துவிடலாம். வருஷம் முழுக்கவா? சூரியன் உதிப்பதை அவன் காலண்டர் படத்தில்தான் பார்த்திருக்கிறான்.

மே மாதம் பாதியிலேயே அவள் சொல்லத்தான் செய்தாள். லீவில் பிள்ளைகள் கெட்டுப்போய்க் கிடக்கிறார்கள், நேரத்துக்குத் தூங்கவும் எழவும் இப்போதே பழக்கினால்தான் ஆச்சு என்றாள். “அதை எங்கிட்ட விடு. ஒரே நாள்ல மாத்திக் காட்டுதேன்” என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னான் மந்திரமூர்த்தி. சொன்ன கையோடு செல்போனை எடுத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தான். அத்தோடு அந்தப் பேச்சு அவனுக்கு மறந்துபோயிற்று. இப்போது தெருவில் ஓடும்போதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது.

முக்கில் வேன் நின்றது. உச்சிமாகாளி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, எதிர்க்கடை டீயைக் கையில் வைத்திருந்தார். கண்ணாடி டம்ளரில் டீ கழுத்துவரைக்கும் இருந்தது. பிள்ளைகளை ஏற்றிவிட்டு ரெண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள். ஒருவர் மளிகைக்கடை மைதீன் பாய், மற்றவர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற ஜெஸிந்தா. மந்திரமூர்த்தி போன வேகத்தில் டிரைவர் பக்கத்து ஜன்னலை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“வாங்க அண்ணாச்சி. வருஷம் பொறந்துட்டு” என்றார் உச்சிமாகாளி. “பிள்ளைங்க எங்க?”

“வாராங்க, வாராங்க.”

“இந்த டீ முடியிற வரைக்குந்தான் நிப்பேன். பொறவு வண்டிய எடுத்துருவேன். அப்புறம் சீட்டு கீட்டுன்னு வந்து நிக்கப்படாது.”

மந்திரமூர்த்தி டம்ளரைப் பார்த்தான். வீட்டில் பிள்ளைகள் எந்தக் கோலத்தில் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். கண்டிப்பாக ஒன்று இன்னும் பாயில் கிடக்கும். மற்றது பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கும். இந்த ஒரு டம்ளர் டீயை இழுக்கிற அளவுக்கு இழுக்க வேண்டும். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“தம்பி மாகாளி, நீ நெனக்கிற பிள்ளைங்க இல்ல இது. போன வருஷத்துப் பிள்ளைங்க வேற, இந்த வருஷத்துப் பிள்ளைங்க வேற.”

“ஏன் அண்ணாச்சி, ஆளையே மாத்திட்டியளா?” என்றார் மைதீன் பாய்.

“ஆளை மாத்தல பாய், பழக்கத்த மாத்திட்டேன். லீவு விட்ட மறுநாளே செல்போனைப் புடுங்கி அரிசி டிரம்முக்குள்ள போட்டு மூடிட்டேன். பிள்ளைங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடணுமே! செல்போன்தான் அழுதுச்சு.”

“யாராவது கூப்பிட்டிருப்பாங்க. மணி அடிச்சிருக்கும்” என்றாள் ஜெஸிந்தா.

“மணியா? எனக்குத் தெரியாதா சிஸ்டர்? என்னையப் பாரு, என்னையப் பாருன்னு டிரம்முக்குள்ள இருந்து விக்கி விக்கி அழுதுச்சு. எம் மவ மிருதுளா போனா. டிரம்மத் தட்டி, ‘சத்தம் போடாத, நாங்க வாய்ப்பாடு படிக்கோம்’னு ஒரு அதட்டு. கப்சிப்! பொறவு எடுத்துப் பாக்கேன், செல்போனுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு தலகீழா வருது.”

“அதுலதான் கால்குலேட்டர் இருக்கே” என்றார் பாய்.

“இருக்கு பாய். இப்ப அந்தக் கால்குலேட்டருக்குச் சந்தேகம் வந்தா எம் மவகிட்டதான் கேக்குது.”

உச்சிமாகாளி ஒரு மிடறு குடித்தார். டீ கழுத்திலிருந்து இறங்கிவிட்டது. மந்திரமூர்த்திக்கு அந்த மிடறு தன் தொண்டையில் இறங்கியதுபோல இருந்தது. செல்போன் விஷயத்தில் உண்மை என்னவென்று அவனுக்கும் தெரியும். நேற்று அது அவன் நெஞ்சின் மேல் ஓடிக்கொண்டே இருக்க, அவன் வாயைப் பிளந்து தூங்கியிருந்தான். ஆனால் உண்மையைச் சொல்லி வேனை நிறுத்த முடியுமா?

“சரி, அத விடு. எந்திரிக்கிற கதைக்கு வாரேன்” என்றான். “பாய், உங்க வீட்டுச் சேவல் இப்ப கூவுதா?”

“எப்படிக் கூவும்? அதத்தான் போன மாசம் குழம்பு வச்சாச்சே.”

“எதுக்கு வச்சிய?”

“மச்சான் வந்திருந்தாரு.”

“மச்சான் வந்ததுனால இல்ல பாய். அது வெக்கத்துல தானா வந்து சட்டியில விழுந்துச்சு. அந்தச் சேவலு விடிய முன்னாடி எந்திச்சு, ஊரையே நாந்தான் எழுப்புதேன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு உங்க மதில்ல ஏறும். ஏறிப் பாத்தா எம் பிள்ளைங்க ரெண்டும் குளிச்சு முழுகி, தலைக்கு எண்ணெ வச்சு, புத்தகத்த விரிச்சு உக்காந்திருக்கும். சேவலு மறுநாள் இன்னும் வெரசா எந்திரிச்சுப் பாத்துச்சு. அப்பவும் அவங்க படிச்சிட்டுதான் இருந்தாங்க. மூணாம் நாளு தூங்காமலே மதில்ல உக்காந்துச்சு. விடியப் போற நேரத்துல எம் மவன் தருணு வெளிய வந்து, ‘என்ன மாமா, தூக்கம் வரலியா’ன்னு அதுகிட்ட கேட்டுட்டான். மானமுள்ள சேவலு. அதுக்கு மேல எப்படி உசுரோட இருக்கும்?”

“அதான் கறி அவ்வளவு கடினமா இருந்துச்சா?” என்றார் பாய்.

“ரோசம் பாய், ரோசம். வேகாது.”

வேனுக்குள்ளிருந்து பிள்ளைகள் சிரித்தார்கள். உச்சிமாகாளியின் மீசையும் லேசாக அசைந்தது. ஆனால் கை மறுபடி டம்ளரைத் தூக்கியது. பாதிக்கும் கீழே போய்விட்டது டீ. மந்திரமூர்த்தி குரலை உயர்த்தினான்.

“ஆத்துக் கதை கேட்டியா மாகாளி? ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது, உங்கிட்டத்தான் சொல்லுதேன். வீட்டுல குளிச்சா சோம்பல் வரும்னு தெனமும் தாமிரபரணிக்குக் கூட்டிட்டுப் போனேன். மொத நாளு போயிப் பாக்கோம், ஆத்துல தண்ணி இல்ல. வெறும் மணலு.”

“இந்த வருஷம் தண்ணிக்கு என்ன குறைச்சலு? அணை தொறந்து விட்டிருக்கே” என்றாள் ஜெஸிந்தா.

“அதத்தான் சொல்லுதேன் சிஸ்டர். நாங்க போன நேரத்துக்குத் தண்ணி இன்னும் வந்து சேரல. அப்பத்தான் பாவநாசத்துல எந்திச்சு, சோம்பல் முறிச்சுக் கிளம்பிட்டிருக்கு. எம் பிள்ளைங்க ரெண்டும் தலையில சீயக்காயத் தேச்சுட்டு மணல்ல நின்னு காத்துக் கெடந்தாங்க. செத்த நேரங் கழிச்சு ஆறு மூச்சு வாங்க ஓடி வந்துச்சு. ‘மன்னிச்சிருங்க பிள்ளைகளா, தெரியாமப் போச்சு’ன்னு மொழங்கால நனைச்சுச்சு. அன்னையிலேர்ந்து அது நேரத்தோட கிளம்புது. கடலுக்கும் நேரத்தோட போயிருது. ஆறு கடல்ல சேருற புன்னக்காயல்ல மீன் புடிக்கிற ஆளுங்க, நாங்க வலை விரிக்கிறதுக்குள்ள ஆறு வந்து நிக்குதே, இது என்ன நியாயம்னு எங்கிட்ட வந்து வருத்தப்பட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னிய?” என்றார் உச்சிமாகாளி.

“நீங்களும் எம் பிள்ளைங்க மாதிரி நேரத்தோட எந்திரிங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

இந்த இடத்தில்தான் ஜெஸிந்தா அவனுடைய தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தாள். கண் அகன்றது. பிறகு அவன் இடுப்பைப் பார்த்தாள். சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டு வேனின் பின்பக்கம் போய்விட்டாள். ஆறு மன்னிப்புக் கேட்டதில் சிஸ்டர் மயங்கிவிட்டாள் என்று மந்திரமூர்த்தி நினைத்தான். அவனுக்கு உற்சாகம் தலைக்கேறியது.

உச்சிமாகாளியும் மாறிவிட்டார். தலைக்கு மேலிருந்த கண்ணாடியை ஒரு தரம் பார்த்தார். பிறகு சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “பொறவு?” என்றார். போன வருஷம் பூராவும் மந்திரமூர்த்தியைப் பார்த்து ‘நகருங்க’ என்பதைத் தவிர வேறு சொல் சொல்லாத மனிதர், கதை கேட்கிற பிள்ளை மாதிரி ‘பொறவு’ என்கிறார்! மைதீன் பாயும் வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஆமா அண்ணாச்சி, பொறவு என்னாச்சு?” என்றார். நம்பாமல் குடைந்துகொண்டிருந்த ஆள் திடீரென்று நயமாகக் கேட்கிறார் என்றால் ஏதோ இருக்கிறது என்று வேறு எவனுக்கும் உறைத்திருக்கும். சொந்தக் குரலில் மயங்கி நிற்கிறவனுக்கு எப்படி உறைக்கும்?

“பொறவா? பல்லு வெளக்குனாங்க” என்றான் மந்திரமூர்த்தி. “கடமைக்கு வெளக்கல மாகாளி, மனசார வெளக்குனாங்க. அன்னைக்கு நம்ம தெருவுல கரண்டு போச்சா? எம் மவன் வாசல்ல நின்னு சும்மா ஒரு சிரிப்புச் சிரிச்சான். எதுத்த வீட்டுல அந்த வெளிச்சத்துல ஊசிக்கு நூலு கோத்தாங்க. மறுநாளு கரண்டு ஆபீஸ்காரரு ஏணியோட வந்துட்டாரு. வாய்க்குள்ள மீட்டர் மாட்டணுமாம்.”

“மாட்டினாங்களா?” என்றார் உச்சிமாகாளி.

“விடுவேனா? சிரிப்புக்கு மீட்டர் மாட்டுனா குடும்பம் தாங்குமான்னு கையெடுத்துக் கும்பிட்டேன். போயிட்டாரு.”

வேன் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. அதில் ஒரு சிரிப்பு தெரிந்த சிரிப்பு மாதிரி கேட்டது. மந்திரமூர்த்தி அதைக் கவனிக்கவில்லை.

“சாப்பாடு?” என்று எடுத்துக்கொடுத்தார் பாய்.

“நல்லா கேட்டிய. லீவுல புரோட்டா புரோட்டான்னு கெடந்த பிள்ளைங்கதான் ரெண்டும். நாந்தான் நிறுத்துனேன். கீரையும் பாவக்காயும்தான்னு சட்டம் போட்டேன். எம் மவன் பாவக்காயத் திங்கிற வேகத்தப் பாத்துட்டு, பந்தல்ல தொங்குன பிஞ்செல்லாம், எங்களுக்கு எப்ப அழைப்பு வரும்னு வெளஞ்சு பழுத்து வரிசையில நிக்குது. முருங்கக்கீரை தின்ன தெம்புல நேத்து புத்தகப் பையத் தூக்கிப் பாத்தான். பையோட சேத்து அது கெடந்த தரையும் வந்துட்டு. ‘கீழ வைலே, செண்பகம் அங்க கோலம் போட்டிருக்கா’ன்னு நான் சத்தம் போட்டேன்.”

“அப்ப வீடு இப்ப எங்க இருக்கு?”

“வச்சிட்டான் பாய், வச்சிட்டான். கொஞ்சம் கோணலா வச்சிட்டான். அதான் எங்க வீட்டு வாசல் தெருவுக்கு நேரா இல்ல. போயிப் பாரும்.”

சொல்லச் சொல்ல அவனுக்கே அந்தப் பிள்ளைகள்மேல் பாசம் பொங்கியது. இப்படி ரெண்டு பிள்ளைகள் தனக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு ஏக்கம் வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. இவ்வளவு நேரமாகியும் தெருவில் பிள்ளைகளின் செருப்புச் சத்தம் கேட்கவில்லையே! திரும்பிப் பார்க்கலாமா? பார்த்தால் பேச்சு அறுந்துவிடும். பேச்சு அறுந்தால் டீ முடிந்துவிடும். அவன் ஜன்னலை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

“இதெல்லாம் சின்ன விஷயம் மாகாளி. செங்கோட்டை ரயிலு ஓட்டுற டிரைவரு நம்ம ஸ்டேஷன் வந்ததும் எங்க வீட்டுப் பக்கம் எட்டிப் பாப்பாரு. எம் மவ சடை பின்னி முடிச்சிருந்தா வண்டி சரியான நேரம். பின்னிக்கிட்டு இருந்தா வண்டி முந்தி வந்துட்டுன்னு அர்த்தம். மரியாதையா நின்னு காத்திருந்துட்டுதான் போவாரு.”

“ரயிலே நிக்குதா!” என்றார் உச்சிமாகாளி. “அப்ப வேன் எம்மாத்திரம்.”

“ரயில விடு. சூரியன் கதை தெரியுமா? தெனமும் கெழக்கால எட்டிப் பாத்து எங்கிட்ட அனுமதி கேக்குது மாகாளி! ‘அண்ணாச்சி, பிள்ளைங்க எந்திச்சாச்சா, நான் மேல வரலாமா’ங்குது. நான் வாசல்ல நின்னு, ‘எந்திச்சாச்சு, வா’ன்னு கைய அசச்சாத்தான் ஏறும். நான் அசைக்காட்டா இந்த ஜில்லாவுக்கே விடியாது.”

“சூரியன் மேல வந்து எவ்வளவு நேரமாச்சு அண்ணாச்சி” என்றார் மைதீன் பாய். “அதுக்கு முன்னாடி எந்திச்ச பிள்ளைங்கள இன்னும் காணோமே?”

நல்ல கேள்வி. மந்திரமூர்த்தி அரைக் கணம் வாயைத் திறந்தபடி நின்றான். நின்றதை மறைக்கப் பெரியதாக ஒன்றை எடுத்து வீசினான்.

“காணோம்னா? அவங்க ஏன் வரணும்? அவங்கதான் எப்பவோ பள்ளிக்கூடம் போயிட்டாங்களே! பூட்டிக் கெடந்த பள்ளிக்கூடத்த மே மாசத்துலயே அவங்கதான் தொறந்தாங்க. வாத்தியாரு இல்லன்னு பாத்தாங்களா? அவங்களே பாடம் எடுத்து, அவங்களே படிச்சு, பரிச்சை எழுதி, அரைப்பரிச்சை, முழுப்பரிச்சை எல்லாத்தையும் முடிச்சிட்டாங்க. இந்த வருஷம் முடிஞ்சுபோச்சு மாகாளி. இப்ப அடுத்த வருஷத்து லீவுல இருக்காங்க. அதனாலதான் இன்னும் தூங்குதாங்க.”

கடைசி வார்த்தை வாயை விட்டு வெளியே போன பிறகுதான் அவனுக்கே கேட்டது.

வேனுக்குள் சிரிப்பு நின்றது. உச்சிமாகாளி பொறுமையாகத் தலையை ஆட்டினார்.

“நல்லதாப் போச்சு அண்ணாச்சி. வருஷமே முடிஞ்ச பிள்ளைங்களுக்கு வேன் எதுக்கு? அந்த ரெண்டு சீட்டையும் வேற ஆளுக்குக் குடுத்துருதேன்.”

மந்திரமூர்த்திக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. வருஷம் முழுக்க விடியற்காலையில் மொபட் உதைக்கிற காட்சி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. மழையில் நனைந்து, பனியில் நடுங்கி, பின்னால் ரெண்டு பிள்ளைகள், நாலு பை, வழியெல்லாம் நாய். அதைவிட, பிள்ளைகள் இந்த வேனில் சேக்காளிகளோடு சிரித்துக்கொண்டு போகிற சுகத்தைத் தன் வாயே கெடுத்துவிட்டதே என்று நினைத்தபோது நிஜமாகவே அவனுக்கு அழுகை முட்டியது.

“மாகாளி, தம்பி, அப்படிச் சொல்லிராத” என்றான். குரல் இறங்கிவிட்டது. “அம்புட்டும் புளுகுடே. சேவலும் புளுகு, சூரியனும் புளுகு. உள்ளதச் சொல்லுதேன். எம் பிள்ளைங்க ரெண்டும் இப்பத்தான் எந்திச்சு, பாத்ரூம் வாசல்ல நின்னு கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கும். இது சத்தியம். செத்த நேரம் நில்லு, நான் போயித் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்துருதேன்.”

காலையிலிருந்து அவன் பேசியதில் உண்மை என்று நம்பிச் சொன்னது அது ஒன்றுதான். அதுவும் பொய்யாகப் போயிற்று.

“அப்பா” என்று வேனுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. “ஜன்னல்லேர்ந்து கைய எடுங்க. எங்களுக்கு நேரமாச்சு.”

மந்திரமூர்த்தி உள்ளே எட்டிப் பார்த்தான். கடைசி வரிசையில் மிருதுளா உட்கார்ந்திருந்தாள். படிய வாரிய தலை, மடிப்புக் கலையாத சீருடை, மடியில் பை. பக்கத்தில் தருண். காலில் சாக்ஸ் இருந்தது. ரெண்டு காலிலும் இருந்தது. ஒரே நிறத்தில் இருந்தது.

“நீங்க எப்ப வந்திய?”

“உங்க பின்னாலதான். நாங்க கெளம்பி வாசல்ல பைய வச்சிட்டு உக்காந்திருந்தோம். நீங்க எங்க பையத் தாண்டிக் குதிச்சு ஓடுனிய. ‘அப்பா, அப்பா’ன்னு கூப்பிட்டோம், திரும்பவே இல்ல. நாங்க மெதுவா நடந்து வந்தோம். ஜெஸிந்தா அத்தைதான் பின்கதவத் தொறந்து ஏத்திவிட்டாங்க. அப்பத்தான் ஆறு மன்னிப்புக் கேட்டு முடிச்சிருந்துச்சு.”

“இவ்வளவு வெரசா எப்படிட்டீ கெளம்புனிய?”

“நாங்க தெனமும்தான் வெரசா எந்திக்கோம்” என்றான் தருண். “அம்மா லீவுலயே பழக்கிட்டா. ராத்திரி சாப்பிட்டதும் படுத்துருவோம். செல்லு கூட கேக்க மாட்டோம். நீங்கதான் தூங்கிட்டே இருப்பிய, உங்களுக்குத் தெரியாது.”

“அப்ப உங்க அம்மா ஏன் வேன் வந்துட்டுன்னு அப்படிக் கத்துனா?”

மிருதுளா தம்பியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். “இன்னைக்கு மொத நாளுல்லா, அப்பா. நீங்க வாசல்ல நின்னு டாட்டா காட்டணும்னு நாங்கதான் கேட்டோம். எப்படிக் கூப்பிட்டாலும் நீங்க எந்திரிக்கல. வேன் வந்துட்டுன்னு சொன்னா மட்டுந்தான் உங்கப்பா எந்திரிப்பாருன்னு அம்மா சொன்னா.”

மந்திரமூர்த்தி ஜன்னலிலிருந்து கையை எடுத்தான். ஆறு ஓடி வந்து மன்னிப்புக் கேட்ட கதையைச் சொன்ன வாய், ஒரு சின்னப் பதிலுக்குத் திண்டாடியது. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அவன் வாயால் உண்டாக்கிய பிள்ளைகளைவிட, கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த இந்த ரெண்டு பேரும் நிஜமாகவே நன்றாக இருந்தார்கள்.

அவன் மெல்ல உச்சிமாகாளியிடம் திரும்பினான். “அப்ப சீட்டு போகலல்லா? எம் பிள்ளைங்க நேரத்துக்கு வந்துட்டாங்கல்லா?”

உச்சிமாகாளி டம்ளரைத் தூக்கிக் காட்டினார். அடியில் டீத்தூள் காய்ந்து ஒட்டியிருந்தது.

“டீ எப்பமோ முடிஞ்சிட்டு அண்ணாச்சி. பிள்ளைங்க ஏறுன ஒடனே வண்டிய எடுத்திருக்கணும். ஜன்னல விடாம புடிச்சுக்கிட்டு நீங்கதான் நின்னிய. கதை கேட்ட குத்தம் எனக்கும் உண்டு. ஆனா இன்னைக்கும் உங்க வீட்டாலதான் வண்டி லேட்டு.” அவர் டம்ளரை மைதீன் பாய் கையில் கொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். “பிள்ளைங்க தங்கம். சீட்டு அவங்களுக்கே இருக்கட்டும். நாளையிலேர்ந்து இந்த முக்குக்கு நீங்க வரப்படாது. டாட்டாவ வீட்டு வாசல்லயே காட்டிருங்க.”

வேன் கிளம்பியது. பின்கண்ணாடி வழியாக ரெண்டு கைகள் ஆடின. தருண் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். மந்திரமூர்த்தி நடுத்தெருவில் நின்று, வேன் திரும்பி மறைகிற வரைக்கும் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினான். ஜெஸிந்தா டூட்டிக்கு நேரமாகிறது என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

மைதீன் பாய் மட்டும் காலி டம்ளரோடு நின்றார். “அப்ப நாளைக்கு வாசல்ல நிக்கணுமே அண்ணாச்சி. எந்திப்பியளா?”

அதைக் கேட்டதும் மந்திரமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நெஞ்சை நிமிர்த்தினான்.

“என்ன பாய் இப்படிக் கேட்டுட்டிய? நாளையிலேர்ந்து பாரும். பிள்ளைங்களுக்கு முன்னாடி நான் எந்திக்கேன். நான் எந்திச்சு வாசலுக்கு வாரதப் பாத்து, கெழக்கால அந்தச் சூரியன் இருக்கே, அது அப்படியே அசந்துபோயி…”

“சூரியன் மட்டுமா, இன்னைக்குத் தெருவே அசந்துபோச்சு” என்றார் பாய். “நாளைக்காவது சாரத்தக் கட்டிட்டு வாரும். நீரு கட்டியிருக்கது தருணோட யானைப் படம் போட்ட போர்வை.”